வர்த்தகத்தைத் திறந்துவிட்டால் ஏழை நாடு வளர்ந்துவிடுமா?

பொருளியல் படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது. சுருக்கித் தருகிறேன்: "இறக்குமதி வரியைக் குறைத்த நாடுகள்தான் வளர்ந்தன என்று ஒரு பக்கம் படிக்கிறேன். அரசு பிடித்துத் தூக்கிவிட்டதால்தான் தென் கொரியா வளர்ந்தது என்று இன்னொரு பக்கம் படிக்கிறேன். இரு தரப்பும் புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். யாரை நம்புவது? அந்தப் புள்ளிவிவரங்களையாவது நம்பலாமா?"

வர்த்தகம் ஒரு நாட்டின் வருமானத்தைக் கூட்டும் என்பதற்கு இன்று நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் எவ்வளவு கூட்டும், யாருக்குக் கூட்டும், எத்தனை ஆண்டில் கூட்டும் என்பதெல்லாம் எல்லையில் போடும் வரியை மட்டும் பொறுத்ததில்லை. நாட்டுக்குள்ளே ஆட்களும் பணமும் தொழிலும் எவ்வளவு சுலபமாக இடம் மாற முடிகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. என் கணக்கில் பாதிக்கும் மேல். வளர்ச்சிப் பொருளியல் துறை அதைக் கண்டுகொள்ள நெடுநாள் ஆயிற்று. எப்படி என்று சொன்னால்தான் இரு தரப்புப் புள்ளிவிவரங்களும் எங்கிருந்து வருகின்றன என்பது உங்களுக்குப் புரியும்.

1995-ல் ஜெஃப்ரி சாக்ஸ், ஆண்ட்ரூ வார்னர் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலக நாடுகளைத் 'திறந்தவை', 'மூடியவை' என்று இரண்டாகப் பிரித்தார்கள். சராசரி இறக்குமதி வரி 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மூடிய நாடு. டாலருக்கு வங்கியில் ஒரு விலை, கருப்புச் சந்தையில் அதைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதல் விலை என்றால் அதுவும் மூடிய நாடு. முக்கிய ஏற்றுமதிப் பொருளை அரசு நிறுவனம் ஒன்றே கையில் வைத்திருந்தாலும் அப்படியே. இப்படி ஐந்து அளவுகோல்கள். 1970களிலும் 80களிலும் வளரும் நாடுகளில் திறந்தவை ஆண்டுக்கு 4.49 சதவீதம் வளர்ந்தன, மூடியவை 0.69 சதவீதம்தான் என்று கணக்குச் சொன்னது. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்தவர்களுக்கு வேறு சந்தேகம் எழவில்லை. அடுத்த சில ஆண்டுகளுக்குக் கொள்கை வகுத்தவர்கள் பலரும் இந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டினார்கள்.

பிறகு பிரான்சிஸ்கோ ரோட்ரிகெஸும் டேனி ரோட்ரிக்கும் அந்த ஐந்தையும் தனித்தனியாகப் பிரித்து மேய்ந்தார்கள். வேலை செய்தது இறக்குமதி வரி என்ற அளவுகோலே இல்லை என்று தெரிந்தது. கருப்புச் சந்தை டாலர், அரசின் ஏற்றுமதி ஏகபோகம் இரண்டும்தான் முடிவை இழுத்துக்கொண்டு போயிருந்தன. ஏகபோகத்துக்கான தகவலோ ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றிய ஓர் உலக வங்கி ஆய்விலிருந்து மட்டும் எடுக்கப்பட்டது. ஆகவே அந்த அளவுகோல் 'ஆப்பிரிக்காவில் இருக்கிறதா இல்லையா' என்ற கேள்விக்கு வேறு பெயர் சூட்டியதுபோல ஆகிவிட்டது. கருப்புச் சந்தை விலை தாறுமாறாக ஏறிய நாட்டில் பணவீக்கம், கடன், போர், ஊழல் எல்லாமே சேர்ந்திருக்கும். வளர்ச்சி நின்றதற்கு அதில் எதைக் குற்றம் சொல்வது?

உங்கள் கேள்விக்கு நேராக வரும் ஒரு செய்தியும் இதற்குள் இருக்கிறது. தென் கொரியா அந்தப் பட்டியலில் 'திறந்த' நாடு. யாருக்குக் கடன், என்ன வட்டி என்று அரசு தீர்மானித்துக்கொண்டிருந்த காலத்துக் கொரியா அது. மொரிஷியஸும் திறந்த நாடுதான். அங்கே 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. ஏற்றுமதி செய்பவருக்கு இடுபொருள், அதாவது உற்பத்திக்கு வேண்டிய சரக்கு, வரியில்லாமல் கிடைத்தது, உள்நாட்டுச் சந்தைக்குச் செய்பவருக்கோ உயரமான வரிச் சுவர் அப்படியே நின்றது. ஒரே நாடு, இரண்டு விதமான விதிகள். அதைத் திறந்தது என்பதா, மூடியது என்பதா? அந்தக் கேள்வியையே கேட்காமல் ஒரு நாட்டுக்கு ஒரு மதிப்பெண் போட்டதுதான் அந்தக் கால ஆய்வுகளின் பெரிய குறை என்பேன். இரு தரப்பும் கொரியாவைத் தங்கள் சாட்சியாக அழைக்க முடிவதற்குக் காரணமும் இதுவே.

சரி, காரண காரியத்தை எப்படிப் பிரிப்பது? வளர்ந்த நாடு வர்த்தகத்தைத் திறக்கலாம். திறந்ததால் வளரவும் செய்யலாம். முட்டையா கோழியா என்ற இந்தச் சிக்கலை அவிழ்க்க 1999-ல் ஜெஃப்ரி ஃபிராங்கலும் டேவிட் ரோமரும் பூகோளத்தைப் பிடித்தார்கள். பெரிய சந்தைகளுக்கு அருகில் இருக்கும் நாடு, அரசு என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், கொஞ்சம் கூடுதலாக வர்த்தகம் செய்யும். அந்தப் பகுதியை மட்டும் எடுத்து வருமானத்தோடு ஒப்பிடலாம் என்பது அவர்கள் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கில் சேர்த்ததும் முடிவு ஆட்டம் கண்டது. இருக்கும் இடம் நோய், மண், ஆட்சி அமைப்பு என்று நூறு வழிகளில் ஒரு நாட்டைத் தொடுகிறது. வர்த்தகம் அந்த நூறில் ஒன்று.

அப்படியானால் நாடு இருக்கும் இடம் மாறாமல் தூரம் மட்டும் மாற வேண்டும். அது நடக்குமா? ஒருமுறை நடந்தது. 1967 ஜூனில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டபோது சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. அப்போது உள்ளே போய்க்கொண்டிருந்த 14 கப்பல்கள் பெரிய கசப்பு ஏரியில் சிக்கிக்கொண்டன. 8 ஆண்டுகள் அங்கேயே நின்றன. பாலைவன மணல் தளமெல்லாம் படிந்து மஞ்சளாகிப்போனதால் 'மஞ்சள் கப்பற்படை' என்றே பெயர் வந்தது. வெவ்வேறு நாட்டு மாலுமிகள் பொழுதுபோகாமல் கையாலேயே தபால்தலை செய்து கடிதத்தில் ஒட்டினார்கள், தங்களுக்குள் விளையாட்டுப் போட்டிகள் நடத்தினார்கள். 1975 ஜூனில் கால்வாய் மறுபடி திறந்தபோது தன் எஞ்சின் பலத்திலேயே ஊர்போய்ச் சேர்ந்தவை இரண்டு ஜெர்மன் கப்பல்கள் மட்டும்.

வெளியே, மும்பையிலிருந்து லண்டனுக்குச் சுமார் 6,200 கடல் மைலாக இருந்த பாதை நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 10,800 மைலாக நீண்டது. சில நாட்டு ஜோடிகளுக்கு இப்படி. வேறு சில ஜோடிகளுக்கு ஒரு மைல்கூட மாறவில்லை. எந்த நாட்டின் கொள்கையும் இதற்குக் காரணமில்லை. ஜேம்ஸ் ஃபைரர் இந்த எட்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு பார்த்தார். பாதை நீண்ட நாடுகளில் வர்த்தகம் சுருங்கியது, வருமானமும் குறைந்தது. பாதை திரும்பியபோது வர்த்தகமும் திரும்பியது. வர்த்தகம் வருமானத்தைத் தொடுகிறது என்று நான் நம்பிச் சொல்வதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம். 1995-ன் பெரிய எண்ணைவிட இதன் அடக்கமான முடிவுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

எப்படித் தொடுகிறது என்பது அடுத்த படி. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. எகிப்தில் நைல் கழிமுகத்தில் ஃபோவா என்று ஓர் ஊர், தரைவிரிப்பு நெசவுக்குப் பேர்போனது. பெரும்பாலும் ஓர் ஆள், ஒரு தறி என்ற அளவிலான பட்டறைகள். டேவிட் ஆட்கின், அமித் கண்டேல்வால், ஆடம் ஒஸ்மான் மூவரும் அங்கே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் சில நெசவாளர்களைத் தேர்ந்து, பணக்கார நாடுகளிலிருந்து வந்த ஆர்டர்களை அவர்களுக்குக் கிடைக்கச் செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் உள்ளூர் வியாபாரம். கெட்டிக்காரர்கள்தான் ஏற்றுமதிக்குப் போகிறார்கள் என்ற வழக்கமான ஐயம் இதில் எழாது. குலுக்கல் கெட்டிக்காரரைப் பார்த்து விழுவதில்லை. ஆர்டர் கிடைத்தவர்களின் லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை கூடியது.

ஆனால் மணிக்கு எத்தனை சதுர மீட்டர் நெய்தார்கள் என்று பார்த்தால், அது குறைந்திருந்தது! வெறும் அளவை எண்ணும் கணக்கர் 'ஏற்றுமதி செய்ததால் உற்பத்தித்திறன் கெட்டது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. எல்லா நெசவாளர்களையும் ஓரிடத்துக்கு வரவழைத்து, ஒரே நூல், ஒரே தறி, ஒரே வடிவம் கொடுத்து, உள்ளூர்ச் சந்தைக்கான விரிப்பு ஒன்றை நெய்யச் சொன்னார்கள். ஓரம் நேராக இருக்கிறதா, நெசவு இறுக்கமா, விரித்தால் அலையடிக்கிறதா, மூலைகள் சரியா என்று தொழில் தெரிந்தவர்கள் மதிப்பெண் போட்டார்கள். ஏற்றுமதி ஆர்டர் செய்து பழகியவர்களின் விரிப்பு தெளிவாக மேலே நின்றது, அதே நேரத்தில் முடித்தும் கொடுத்தார்கள். வாங்குபவர் பக்கத்திலிருந்து எந்தக் குறையைச் சுட்டிக்காட்டிப் பேசினார்களோ அந்த இடத்தில்தான் முன்னேற்றமும் அதிகம். வர்த்தகம் கற்றுக்கொடுக்கிறது என்று பாடநூலில் ஒரே வரியாக வருவதை ஒரு விரிப்பின் நான்கு மூலைகளில் காட்டிவிட்டார்கள்.

இறக்குமதிப் பக்கமும் இப்படியொரு வழி இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் 1991-க்குப் பின் இடுபொருள்கள் மீதான வரி குறைந்ததும் முன்பு கிடைக்காத உதிரிபாகங்களும் ரசாயனங்களும் தொழிற்சாலைகளுக்குக் கிடைத்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் அறிமுகம் செய்த புதிய பொருள்களில் 31 சதவீதத்துக்கு இந்த வரிக் குறைப்பே காரணம் என்று கோல்ட்பர்க், கண்டேல்வால், பாவ்சினிக், டோபலோவா நால்வரும் 2010-ல் காட்டினார்கள். இறக்குமதி என்றாலே உள்நாட்டுத் தொழிலுக்குக் கேடு என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய கட்டுரை.

இனி வலிக்கும் பக்கம். அதே நால்வரில் ஒருவரான பெட்டியா டோபலோவா, அதே இந்திய வரிக் குறைப்பை மாவட்டம் மாவட்டமாக எடுத்துப் பார்த்தார். 1991-ல் அந்நியச் செலாவணி தீர்ந்து, 47 டன் தங்கத்தை அடகு வைத்து, சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எஃப்) நிபந்தனையின் பேரில் அவசரமாகச் செய்த சீர்திருத்தம் அது. 80 சதவீதத்துக்கு மேல் இருந்த சராசரி வரி சில ஆண்டுகளில் 37 சதவீதமாக இறங்கியது. எந்தத் தொழில் தாங்கும், எது தாங்காது என்று பார்த்துப் பார்த்துக் குறைக்க அவகாசம் இல்லை. ஆய்வாளருக்கு அதுவே வசதி. வரிக் குறைப்பின் அடி அதிகமாக விழுந்த தொழில்கள் எந்த மாவட்டங்களில் இருந்தனவோ, அந்தக் கிராமப்புறங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகவே குறைந்தது. இது நாடு முழுக்க வறுமை கூடியது என்று ஆகாது. அதே அலையில் மற்றவர்கள் மேலேறியபோது இவர்கள் பின்தங்கினார்கள் என்பதுதான் சரியான வாசிப்பு. இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும் பலர் இங்கே வழுக்கி விழுகிறார்கள்.

ஏன் பின்தங்கினார்கள்? வேலை போன இடத்தை விட்டு வேலை இருக்கும் இடத்துக்கு மக்கள் போகவில்லை, போக முடியவில்லை. பாடநூல் மாதிரியில் ஒரு துறை சுருங்கினால் ஆட்கள் மறுநாளே அடுத்த துறையில் நிற்பார்கள். ஊர், உறவு, நிலம், மொழி, ரேஷன், பிள்ளைகளின் பள்ளி எதுவும் அந்தச் சமன்பாட்டில் இல்லை. மிகக் குறைவாக இடம்பெயரும் மக்களிடத்திலும், ஆட்களை மாற்றுவதற்குச் சட்டம் இறுக்கமாக இருந்த மாநிலங்களிலும் அடி பலமாக இருந்ததையும் டோபலோவா காட்டினார்.

காலப்போக்கில் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரஃபேல் டிக்ஸ்-கார்னெய்ரோவும் பிரையன் கோவக்கும் 2017-ல் வெளியிட்ட பிரேசில் ஆய்வைப் படித்த பிறகு அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். 1990களின் தொடக்கத்தில் பிரேசிலும் வரியை வெட்டியது. அடிபட்ட வட்டாரங்களில் முறையான வேலையும் கூலியும் மற்ற வட்டாரங்களோடு ஒப்பிடும்போது எவ்வளவு சரிந்தன என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டே போனார்கள். கூலியில் பத்து ஆண்டுகளில் இருந்த பாதிப்பைப்போல இருபது ஆண்டுகளில் மூன்று மடங்கு. ஆட்கள் கிளம்பிப் போகாத ஊரைவிட்டு முதலீடு மெல்ல மெல்லக் கிளம்பிப் போயிருந்தது. ஆறும் என்று நினைத்த புண் உள்ளே புரையோடிக்கொண்டிருந்தது.

ஆட்கள் நகர்கிறார்களா, எந்தத் திசையில் நகர்கிறார்கள் என்பதை நாடு தழுவிய கணக்கிலும் காணலாம். மார்கரெட் மெக்மில்லனும் ரோட்ரிக்கும் 2011-ல் இதை அளந்தார்கள். 1990-க்குப் பிறகு ஆசிய நாடுகளில் மக்கள் விவசாயத்திலிருந்து ஆளுக்கு அதிக உற்பத்தி தரும் வேலைகளுக்குப் போனதே வளர்ச்சியில் ஒரு பங்கு. அதே காலத்தில் லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் திசை தலைகீழ்: நல்ல வேலையிலிருந்து தெருவோர வியாபாரத்துக்கும் துண்டு வேலைக்கும். தொழிற்சாலைகள் திறமையாயின, நாடு திறமையாகவில்லை. ஆப்பிரிக்காவில் 2000-க்குப் பின் இந்தப் போக்கு மாறத் தொடங்கியதையும் பின்னர் வந்த ஆய்வில் அவர்களே பதிவு செய்தார்கள். சாங்-டாய் ஷேயும் பீட்டர் க்ளெனோவும் 2009-ல் இன்னொரு கோணத்தில் இதையே சொன்னார்கள்: மூலதனமும் உழைப்பும் அமெரிக்காவில் பகிரப்படும் அளவுக்காவது திறமையான ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தால், ஆலை உற்பத்தித்திறன் சீனாவில் 30 முதல் 50 சதவீதமும் இந்தியாவில் 40 முதல் 60 சதவீதமும் கூடும். புதிய இயந்திரம் ஒன்றுகூட வாங்காமல்.

இப்போது கொரியா. 1964-ல் அதன் ஏற்றுமதி 10 கோடி டாலர். 1977-ல் 1,000 கோடி டாலர். இடையில் அதிபர் பார்க் சுங் ஹீ மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடத்தினார், இலக்கும் கணக்கும் மேசைக்கு வந்தன. மலிவான கடனும், வரியில்லா இடுபொருளும் ஏற்றுமதி செய்து காட்டியவருக்குக் கிடைத்தன. உள்நாட்டில் பாதுகாப்பு கொடுத்து, வெளிச்சந்தையில் தேர்வு வைத்தார்கள். பாதுகாப்பு கொடுத்த நாடுகள் ஏராளம். அந்தத் தேர்வை வைத்த நாடுகள் மிகக் குறைவு. 1973-ல் எஃகு, கப்பல் கட்டுமானம், பெட்ரோ ரசாயனம், மின்னணு உள்ளிட்ட ஆறு கனரகத் துறைகளை அரசு பிடித்துத் தூக்கியது. அமெரிக்கப் படைகள் விலகும் என்ற அச்சமே அந்த முடிவுக்குத் தூண்டுகோல்; 1979-ல் பார்க் கொல்லப்பட்டதும் திட்டம் நின்றது. தொடக்கமும் முடிவும் அந்தத் துறைகளின் லாப நட்டத்தால் வராததால் நேதன் லேனால் இதைச் சோதனைபோல ஆராய முடிந்தது. ஆதரவு நின்ற பிறகும் அந்தத் துறைகள் தொடர்ந்து வளர்ந்தன, உலகச் சந்தையில் போட்டியிட்டன என்று கண்டார். ரேகா யூஹாஸ் இன்னும் பின்னால் போய், நெப்போலியன் காலத்து முற்றுகையால் பிரிட்டிஷ் நூலின் போட்டி தற்காலிகமாக விலகிய வட பிரான்சில் இயந்திர நூற்பு வேகமாக வேர்பிடித்ததைக் காட்டினார்.

ஆகவே இளம் தொழிலைக் காப்பது என்ற வாதத்தை மூடநம்பிக்கை என்று இனிமேல் தள்ளிவிட முடியாது. அதற்காக எல்லா வரிச் சுவருக்கும் கொரியாவை நியாயமாகக் காட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். தேர்வு எங்கே, தோற்றவருக்குக் கடன் நின்றதா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது கொரிய வழி ஆகாது.

வளர்ச்சி பற்றிப் பேசும்போது அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே பேச வேண்டும். ஈஸ்டர்லி, கிரெமர், பிரிட்செட், சம்மர்ஸ் நால்வரும் 1993-ல் காட்டியது இது: ஒரு நாடு இந்தப் பத்தாண்டில் எவ்வளவு வளர்ந்தது என்பது அடுத்த பத்தாண்டு வளர்ச்சியைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. கொள்கைகள் அப்படியே இருக்கும், வளர்ச்சி குதித்து விழும். விற்கும் பொருளின் விலையும் வாங்கும் பொருளின் விலையும் உலகச் சந்தையில் எப்படிப் போயின என்பது அதில் பெரும் பங்கு. செம்பை விற்று வாழும் நாட்டுக்கு நல்ல நிதியமைச்சர் வாய்த்தாரா, நல்ல செம்பு விலை வாய்த்ததா என்று பிரிப்பது கடினம்.

சிலி அந்த முடிச்சை ஒரு விதியால் அவிழ்க்கப் பார்த்தது. 2001 முதல், நீண்டகாலச் செம்பு விலை என்ன என்பதை அமைச்சர் தீர்மானிப்பதில்லை. தனி வல்லுநர் குழு தீர்மானிக்கும், செலவுத் திட்டம் அந்த விலையை ஒட்டியே போடப்படும். 2008 வாக்கில் செம்பு விலை உச்சத்தில், கஜானா நிறையப் பணம். ஏன் செலவழிக்கவில்லை என்று அரசு ஊழியர்கள் நிதியமைச்சர் ஆந்த்ரேஸ் வெலாஸ்கோவின் உருவபொம்மையைத் தெருவில் எரித்தார்கள். அந்த ஆண்டே உலக நெருக்கடி முற்றி விலை சரிந்தது. 2009 ஜனவரியில் 400 கோடி டாலர் ஊக்கத் திட்டத்தை அவர் கடன் வாங்காமல் அறிவித்தார். செல்வாக்கு தலைகீழாக மாறியது. வளரும் நாடுகள் பெரும்பாலும் நல்ல காலத்தில் செலவழித்து, கெட்ட காலத்தில் வயிற்றைக் கட்டுகின்றன என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. 2000-க்குப் பிறகு அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டன என்று ஃபிராங்கல், வேக், வுலெட்டின் மூவரும் 2013-ல் காட்டினார்கள். இந்தத் துறையில் மனதுக்கு நம்பிக்கை தரும் சில முடிவுகளில் இதுவும் ஒன்று.

கடைசியாகப் புள்ளிவிவரம். 2010 நவம்பரில் கானா தன் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது எந்தத் தொழிலுக்கு எவ்வளவு எடை என்று கணக்கில் முடிவாகும் ஆண்டை, 1993-லிருந்து 2006-க்கு மாற்றியது. பொருளாதாரம் ஒரே நாளில் சுமார் 60 சதவீதம் பெரிதானது, 'குறைந்த வருமான நாடு' என்ற பெயரும் போயிற்று. யார் பையிலும் ஒரு காசு கூடவில்லை. 2014 ஏப்ரலில் நைஜீரியா 1990-ஐ விட்டு 2010-க்கு வந்தது: 89 சதவீதம் உயர்வு, தென் ஆப்பிரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் பெரிய பொருளாதாரம் ஆனது. கைபேசியும் அந்நாட்டுத் திரைப்படத் தொழிலும் பழைய அடிப்படையில் ஒழுங்காக இடம்பெறவே இல்லை. இரவில் செயற்கைக்கோள் படங்களில் தெரியும் வெளிச்சத்தை ஜிடிபியோடு ஒப்பிட்டு, சர்வாதிகார நாடுகள் ஆண்டு வளர்ச்சியைச் சுமார் 35 சதவீதம் மிகைப்படுத்துகின்றன என்று லூயிஸ் மார்டினெஸ் 2022-ல் மதிப்பிட்டார்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: ஒரு நாட்டின் ஆண்டு வளர்ச்சி 6 என்றும் இன்னொன்றுடையது 5 என்றும் வைத்துக்கொண்டு கொள்கையை எடைபோடும் கட்டுரையை ஓரமாக வையுங்கள். ஒரே நாட்டுக்குள் மாவட்டத்தை மாவட்டத்தோடும், ஆலையை ஆலையோடும், தறியைத் தறியோடும் ஒப்பிடும் ஆய்வுகளில் தொடங்குங்கள். முதலில் ஃபோவா, அடுத்து டோபலோவா, அதன்பின் பிரேசில். மூன்றையும் இந்த வரிசையில் படித்துவிட்டு, 1995-ன் கட்டுரையை அதற்குப் பிறகு எடுத்துப் பாருங்கள்.